ஐந்தில் மூன்று – எதில்?

கலிஃபோர்னியாவில் ஐந்தாம் வகுப்புப் படிக்கும் ஒரு பத்து வயதுக் குழந்தையின் பள்ளி நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலையில் கணக்கு. முழு எண்ணைப் பின்னத்தால் பெருக்குவது இந்த வகுப்பில்தான் வருகிறது. அப்புறம் வாசிப்பு. ஒரு சின்னப் பத்தியை வைத்துக்கொண்டு, பென்சிலால் கோடிழுத்து, இந்தச் சொல் ஏன் இங்கே இருக்கிறது என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். அங்கே ‘க்ளோஸ் ரீடிங்’ என்கிறார்கள், நாம் நுண்வாசிப்பு என்கிறோம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரலாறு. காலனிகள், போஸ்டன் துறைமுகத்தில் கொட்டப்பட்ட தேயிலை, புரட்சி, அரசியல் சாசனம். மூன்று பாடம், மூன்று நோட்டு. ஒன்றை மூடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததைத் திறப்பார்கள்.

மூன்று நோட்டையும் ஒன்றாகத் திறந்து வைத்தால் மட்டுமே புரிகிற வாக்கியம் ஒன்று அமெரிக்க அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. 1787 கோடையில் பிலடெல்ஃபியாவில் எழுதியது. முதல் பிரிவு, இரண்டாம் உட்பிரிவு. ஒவ்வொரு மாநிலத்துக்கும் பிரதிநிதிகள் சபையில் எத்தனை இடம், எவ்வளவு நேரடி வரி என்பதை மக்கள்தொகையை வைத்து முடிவு செய்ய வேண்டும். அந்த மக்கள்தொகையை எப்படிக் கூட்டுவது என்று அந்த வாக்கியம் சொல்கிறது. அதில் ஒரு பின்னம் வருகிறது: ஐந்தில் மூன்று.

இதை வகுப்பில் வாசித்ததும் எந்தக் குழந்தையும் கேட்கும் கேள்வி ஒன்றுதான். “அப்போ கறுப்பினத்தவங்க அரைகுறை மனுஷங்கன்னு எழுதி வச்சிருக்காங்களா டீச்சர்?” பெரும்பாலான பெரியவர்கள், அமெரிக்காவிலும் சரி இங்கேயும் சரி, “ஆமா, அஞ்சுல மூணு மனுஷன்னு எழுதினாங்க” என்றுதான் பதில் சொல்வார்கள். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலில் இருக்கும் கோபம் நியாயமானது. ஆனால் கணக்கு தப்பு. தப்பான கணக்கு அந்த அநியாயத்தைச் சின்னதாக்கிக் காட்டுகிறது என்பதுதான் இங்கே பிரச்சினை.

வாசிப்பு நோட்டிலிருந்து தொடங்குவோம்.

அந்த வாக்கியம் மனிதர்களை வரிசையாக வைக்கிறது. முதலில் ‘சுதந்திரமான நபர்கள்’, இவர்கள் முழு எண்ணிக்கையில். குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு வேலை செய்வதாக ஒப்பந்தத்தில் கட்டுண்டவர்களும் இவர்களோடு சேர்த்தி. அடுத்து ‘வரி கட்டாத இந்தியர்கள்’. நாம் இல்லை, அந்த மண்ணின் பூர்வகுடிகள். இவர்களைக் கழித்துவிட வேண்டும். கடைசியாக ‘மற்ற எல்லா நபர்களிலும்’ ஐந்தில் மூன்று.

பென்சிலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு குழந்தைக்கே தெரிந்துவிடும், இதில் ‘அடிமை’ என்ற சொல் இல்லை. ‘கறுப்பு’ இல்லை, ‘வெள்ளை’யும் இல்லை. ‘மற்ற’ என்ற சொல் மட்டும் இருக்கிறது. மற்ற என்றால் யாரைத் தவிர மற்ற? சுதந்திரமானவர்களை எடுத்தாயிற்று, ஒப்பந்தக்காரர்களை எடுத்தாயிற்று, பூர்வகுடிகளைக் கழித்தாயிற்று. மிச்சம் இருப்பது யார்? கழித்தல் செய்துதான் அவர்களைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. அடிமை வியாபாரத்தை 1808 வரை தடை செய்யக் கூடாது என்று சொல்லும் இடத்திலும், தப்பி ஓடியவர்களைத் திருப்பி ஒப்படைக்கச் சொல்லும் இடத்திலும் இதே கண்ணாமூச்சிதான். எங்கும் ‘நபர்’, ‘அப்படிப்பட்ட நபர்கள்’. மனிதர்களில் சொத்துரிமை இருக்கலாம் என்ற எண்ணத்தைச் சாசனத்துக்குள் நுழைய விடுவது தவறு என்று ஜேம்ஸ் மேடிசன் அந்த ஆகஸ்ட் மாதம் சபையில் சொன்னதாக அவருடைய குறிப்பிலேயே இருக்கிறது. மேடிசன் வர்ஜீனியாக்காரர், அடிமைகள் வைத்திருந்தவர். அடிமைமுறை என்ற சொல் அந்தச் சாசனத்துக்குள் முதன்முதலாக வருவது 1865-ல், 13-ஆவது திருத்தத்தில். அதை ஒழிப்பதற்காக.

வண்ணம் பற்றிய பேச்சே இல்லை என்பதற்கு இன்னொரு விளைவும் உண்டு. 1790-ல் அந்த நாட்டில் ஏறக்குறைய 60 ஆயிரம் சுதந்திரக் கறுப்பினத்தவர் இருந்தார்கள். அவர்கள் ‘சுதந்திரமான நபர்கள்’. ஆகவே ஒவ்வொருவரும் முழு ஒன்று. பெண்களும் குழந்தைகளும்கூட முழு ஒன்று, ஓட்டுரிமை மட்டும் கிடையாது. ஆக, இந்த வாக்கியத்தில் எண்ணப்படுவதும் ஓட்டுப் போடுவதும் ஒன்றல்ல. இந்த இடத்தில் ஒரு நல்ல ஆசிரியர் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார் என்று நினைக்கிறேன். மீதிக் கதை முழுக்க இதன் மேல்தான் நிற்கிறது.

இப்போது கணக்கு நோட்டு. பின்னம் கற்றுக்கொடுப்பதில் மிகச் சிரமமான விஷயம், பின்னம் தனியாக நிற்கும் எண் மாதிரி தெரிந்தாலும் அதற்குப் பின்னால் ஒரு முழுமை இருக்கிறது என்று புரியவைப்பது. பெரிய பீட்சாவில் பாதியும் சின்ன பீட்சாவில் பாதியும் ஒன்றா? குழந்தைகள் இதில் விழுந்து எழுந்துதான் வருவார்கள். ‘எதில்?’ என்று கேட்கப் பழக்குவதுதான் பாதிப் பாடம். நம் மொழிக்கு இதில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு. ஆங்கிலத்தில் மேலே உள்ள எண்ணை முதலில் சொல்வார்கள். தமிழில் ‘ஐந்தில் மூன்று’ என்று பகுதியை முதலில் வைத்துவிட்டுத்தான் தொகுதிக்கு வருகிறோம்.

சாசனத்தின் பின்னத்தில் ஐந்து என்பது எது? ஒரு மனிதனை ஐந்து துண்டாக்கி அதில் மூன்று என்பதல்ல. ஒரு மாநிலத்தின் அடிமைகள் மொத்தம் எத்தனையோ, அந்தத் தொகையில் ஐந்தில் மூன்று. அந்தத் தொகை யாருடைய கணக்கில் ஏறுகிறது? அடிமைகளின் கணக்கில் இல்லை. அவர்களை வைத்திருந்த மாநிலத்தின் கணக்கில், அதாவது அந்த மாநிலத்தில் ஓட்டுப் போடுகிறவர்களின் கணக்கில்.

இது புரிந்த பிறகு வகுப்பில் ஒரு கேள்வி கேட்கலாம். அடிமைகளை முழுசாக, ஐந்தில் ஐந்தாக எண்ண வேண்டும் என்று வாதாடியது யார்? பூஜ்யமாக எண்ண வேண்டும் என்றது யார்? முழுசாக எண்ணச் சொன்னவர்கள் நல்லவர்கள் என்றுதான் குழந்தைகள் பதில் சொல்வார்கள். பெரியவர்களும் அப்படித்தான். நடந்தது தலைகீழ். முழுசாக எண்ணச் சொன்னவர்கள் தென் கரோலினாவின் பியர்ஸ் பட்லரும் ஜெனரல் பிங்க்னியும். இருவருமே அடிமைகளை வைத்துத் தோட்டம் நடத்தியவர்கள். எண்ணவே கூடாது என்ற பக்கம் நின்றவர்களில் ஒருவர் மாசசூசெட்ஸின் எல்பிரிட்ஜ் கெர்ரி. தெற்கில் இவர்கள் சொத்து என்றால், வடக்கில் எங்கள் ஆடு மாடு குதிரைகளையும் எண்ணுவீர்களா என்று அவர் கேட்டார். பேச்சில் மரியாதை ஒன்றும் இல்லை. கவர்னர் மாரிஸ் (கவர்னர் என்பது பதவி இல்லை, அவர் பெயரே அதுதான்) இன்னும் நேராகக் கேட்டார்: இவர்கள் மனிதர்கள் என்றால் குடிமக்களாக்கி ஓட்டுக் கொடுங்கள், சொத்து என்றால் வேறெந்தச் சொத்தையும் ஏன் எண்ணவில்லை?

இந்தப் பின்னம் 1787-ல் முளைத்ததும் அல்ல. நான்கு ஆண்டுக்கு முன், 1783 மார்ச்சில், போர்ச் செலவை மாநிலங்களுக்குப் பிரித்துக்கொடுக்க வழி தேடிக்கொண்டிருந்தது காங்கிரஸ். மக்கள்தொகைப்படி பிரிக்கலாம் என்றால் அடிமைகளை எப்படி எண்ணுவது? இது வரி விஷயம், எண்ணிக்கை கூடினால் கட்ட வேண்டிய பணமும் கூடும். ஆகவே தெற்கு குறைக்கப் பார்த்தது, வடக்கு கூட்டப் பார்த்தது. மேடிசன் எழுதி வைத்த குறிப்பைப் பார்த்தால் சந்தைப் பேரம் தோற்றுவிடும். குழு கொண்டுவந்தது இரண்டுக்கு ஒன்று, அதாவது அரை. மேரிலாந்தின் கேரல் கால் என்றார். தென் கரோலினாவின் ரட்லெட்ஜ் அரைக்கு ஒத்துக்கொண்டார், ஆனால் மனசுக்குள் மூன்றில் ஒன்றுதான் வேண்டும் என்றார். மூன்றில் இரண்டு என்ற பேச்சும் வந்தது. கனெக்டிகட்டின் வால்காட் முக்கால். கடைசியில் மேடிசன், தன் தாராள மனசுக்கு அத்தாட்சியாக ஐந்துக்கு மூன்று என்றார். அது நின்றது. எல்லா மாநிலங்களும் ஒத்துக்கொள்ளாததால் அந்தத் திருத்தம் விழுந்துபோனது, எண் மட்டும் எல்லோர் நினைவிலும் தங்கிவிட்டது. 1787 ஜூன் 11 அன்று பென்சில்வேனியாவின் ஜேம்ஸ் வில்சன் அதையே எடுத்துச் சபையில் வைத்தார்.

நான்காம் வகுப்பில் ஒரு பயிற்சி உண்டு. வெவ்வேறு பகுதி கொண்ட பின்னங்களை எண்கோட்டில் வரிசைப்படுத்துவது. கால், மூன்றில் ஒன்று, அரை, ஐந்தில் மூன்று, மூன்றில் இரண்டு, முக்கால். 1783-ன் ஆட்களை அந்தக் கோட்டில் நிறுத்திப் பாருங்கள். இடப்பக்கம் பெரும்பாலும் தெற்கு, வலப்பக்கம் வடக்கு. பிறகு 1787-ன் ஆட்களை நிறுத்துங்கள். ஒன்றின் மேல் தெற்கு, பூஜ்யத்தின் மேல் வடக்கு. பணம் கொடுக்க வேண்டிய இடத்தில் அடிமை ஒரு சிறு பின்னம், அதிகாரம் வாங்க வேண்டிய இடத்தில் முழு மனிதன். எண்கோடு என்ற சாதாரணப் பள்ளிக்கூடச் சாதனம் ஒரு வாதத்தை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் என்று நான் எதிர்பார்த்ததில்லை. சாசனம் இரண்டையும் ஒரே வாக்கியத்தில் கட்டியது, இடம் வேண்டுமானால் வரியும் கட்டு என்று. பார்க்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் அப்படி ஒரு நேரடி வரி முதன்முதலாக வந்ததே 1798-ல்தான், அதற்குப் பிறகும் அபூர்வமாகத்தான். இடங்களோ ஒவ்வொரு தேர்தலிலும் கிடைத்தன.

எவ்வளவு கிடைத்தன? கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம்.

1790-ல் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. வர்ஜீனியாவில் மொத்தம் 7,47,610 பேர். அதில் அடிமைகள் 2,92,627. மிச்சம் சுதந்திரமானவர்கள் 4,54,983. அடிமைகளின் எண்ணிக்கையை ஐந்தால் வகுத்து மூன்றால் பெருக்கினால் 1,75,576.2. அந்தப் புள்ளி இரண்டை ஒரு குழந்தை நிச்சயம் கேட்கும், கேட்கட்டும். கூட்டினால் 6,30,559 சொச்சம். 33,000 பேருக்கு ஓர் உறுப்பினர் என்று 1792-ல் முடிவானது. வகுத்தால் 19 இடம், மீதி 3,559.

பக்கத்தில் பென்சில்வேனியாவை வையுங்கள். அங்கே மொத்தம் 4,34,373, அடிமைகள் 3,737. சுதந்திரமானவர்கள் 4,30,636. பின்னத்தைச் சேர்த்தாலும் 4,32,878-தான். 33,000-ஆல் வகுத்தால் 13.

சுதந்திர மனிதர்களை மட்டும் பார்த்தால் இரண்டு மாநிலத்துக்கும் வித்தியாசம் 24,347 பேர். ஓர் இடத்துக்குக்கூடப் போதாது. அடிமைகளைப் பூஜ்யமாக வைத்து வகுத்துப் பாருங்கள், வர்ஜீனியாவுக்கும் 13, பென்சில்வேனியாவுக்கும் 13. ஐந்தில் மூன்று அந்த ஒரு மாநிலத்துக்கு ஆறு இடத்தைச் சும்மா தூக்கிக் கொடுத்தது. பட்லரும் பிங்க்னியும் கேட்டபடி முழுசாக எண்ணியிருந்தால் 22. ஆக, வெட்டப்பட்ட அந்த இரண்டு பங்கினால் அடிமைகளுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சேர்க்கப்பட்ட மூன்று பங்குதான் அவர்களுக்கு எதிராக ஓட்டுப் போட்டது. ‘அரைகுறை மனிதர்’ என்ற விளக்கத்தை நான் தப்பு என்பது இதனால்தான். அது அவமானத்தைச் சொல்கிறது. ஒருவனைச் சங்கிலியில் வைத்திருப்பதற்கான அதிகாரத்தை அவன் தலையை எண்ணியே சம்பாதித்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

ஜனாதிபதியைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர்களின் எண்ணிக்கையும் இந்த இடங்களை ஒட்டியதுதான். 1800 தேர்தலில் ஜெஃபர்சனுக்கு 73, ஜான் ஆடம்ஸுக்கு 65. எட்டு வாக்கு வித்தியாசம். பின்னம் இல்லாவிட்டால் ஆடம்ஸ் ஜெயித்திருப்பார் என்று வாதிடும் வரலாற்றாசிரியர்கள் உண்டு. 1789 முதல் 1825 வரையிலான 36 ஆண்டுகளில் 32 ஆண்டு வர்ஜீனியாக்காரர்களே ஜனாதிபதி. நால்வரும் அடிமைகள் வைத்திருந்தவர்கள்.

வகுத்தபின் வந்த மீதியை என்ன செய்வது என்பதும் பெரிய சண்டையாகப் போனது. பெரிய மீதி உள்ள மாநிலங்களுக்குக் கூடுதலாக ஓர் இடம் தரும் மசோதாவை 1792 ஏப்ரல் 5 அன்று வாஷிங்டன் திருப்பி அனுப்பினார். ஓர் அமெரிக்க ஜனாதிபதி பயன்படுத்திய முதல் வீட்டோ ஒரு வகுத்தல் கணக்குக்காகத்தான். பிறகு மீதிகளை அப்படியே விட்டுவிட்டு 105 இடங்களோடு சட்டம் வந்தது. மீதியை எதற்கு எழுதணும் என்று சலித்துக்கொள்ளும் குழந்தைகளுக்கு இதைச் சொல்லலாம்.

அந்த 1790-ஆம் ஆண்டு வர்ஜீனியாவில் ஒரு கிழவர் இறந்துபோனார். தாமஸ் ஃபுல்லர். ஆப்பிரிக்காவில் பிறந்து, பதினான்கு வயதில் கடத்திக் கொண்டுவரப்பட்டு, அலெக்சாண்ட்ரியா அருகே ஒரு பண்ணையில் வாழ்நாள் முழுக்க அடிமையாக இருந்தவர். எழுதப் படிக்கத் தெரியாது. எழுபது வயதை ஒட்டி இருந்தபோது பிலடெல்ஃபியாவிலிருந்து வந்த சிலர் அவரைச் சோதித்தார்கள், பெஞ்சமின் ரஷ் அதைப் பதிவு செய்தார். ஒன்றரை ஆண்டில் எத்தனை விநாடி? இரண்டு நிமிடம் போலக் கழித்து, 4,73,04,000. சரி. எழுபது ஆண்டு, பதினேழு நாள், பன்னிரண்டு மணி நேரம் வாழ்ந்த ஒருவன் எத்தனை விநாடி வாழ்ந்திருப்பான்? ஒன்றரை நிமிடத்தில் பதில் வந்தது: 221 கோடியே 5 லட்சத்து 800. தாளில் எழுதிப் போட்டுக்கொண்டிருந்தவர் தப்பு, உங்கள் விடை அதிகம் என்றார். கிழவர் உடனே, லீப் வருஷத்தை மறந்துட்டீங்களே என்றார். சேர்த்துப் பார்த்தால் கிழவர் சரி. (நானும் கால்குலேட்டரில் போட்டுப் பார்த்தேன். பதினேழு லீப் நாள் சேர்த்தால்தான் வருகிறது.) ஐந்தில் மூன்று என்றால் எவ்வளவு என்று அவருக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்திருக்காது.

எண்ணத் தெரிந்ததற்குத் தண்டனை இல்லை, வாசிப்பதுதான் ஆபத்தாக இருந்தது. பால்டிமோரில் சிறுவன் ஃபிரடெரிக் டக்ளஸுக்கு எஜமானி எழுத்துச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்ததும் அவள் கணவன் நிறுத்திவிட்டான். அடிமைக்கு வாசிக்கத் தெரிந்தால் வைத்திருக்க முடியாது என்பது அவன் கட்சி. பிறகு டக்ளஸ் தெருவில் விளையாடும் ஏழை வெள்ளைப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்துப் பாடம் வாங்கினார். அப்படி வாசிக்கக் கற்ற மனிதர்தான் பின்னாளில் இந்த வாக்கியத்தை எல்லோரையும்விட நெருங்கி வாசித்தார். அவருடைய பழைய தோழர் வில்லியம் லாயிட் காரிசனுக்குச் சாசனமே நரகத்தோடு செய்துகொண்ட ஒப்பந்தம். 1854 ஜூலை 4 அன்று ஃப்ராமிங்ஹாமில் கூட்டத்துக்கு முன்னால் அதைக் கொளுத்தினார். டக்ளஸ் 1860-ல் கிளாஸ்கோவில் பேசும்போது வேறு மாதிரி வாசித்தார். இந்த வாக்கியம் அடிமை மாநிலங்களுக்குப் பாதகமானது, ஒரு மாநிலம் தன் ஆட்களை விடுதலை செய்த மறுநிமிடமே அவர்கள் முழு எண்ணாகிறார்கள், அடிமையாக வைத்திருக்கும்வரை ஐந்தில் இரண்டை இழக்கிறது என்றார். எனக்கு இந்த வாசிப்பில் முழு நம்பிக்கை இல்லை. மேலே போட்ட வர்ஜீனியாக் கணக்கு அதற்கு எதிராகவே நிற்கிறது. ஆனால் ‘சுதந்திரமான’ என்ற ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு, எதிரியின் கையிலிருக்கும் தாளைப் பிடுங்கப் பார்க்கிறார் மனிதர். பத்து வயதுக் குழந்தைக்கு இரண்டு வாசிப்பையும் காட்டி, யார் பக்கம், எந்தச் சொல்லை வைத்துச் சொல்கிறாய் என்று கேட்கலாம்.

டக்ளஸின் வாதத்தை நீட்டித்து, அடிமைமுறையை ஒழிப்பதற்காகவே ஐந்தில் மூன்றைக் கொண்டுவந்தார்கள் என்று 2021-ல் டென்னசி சட்டமன்றத்தில் ஓர் உறுப்பினர் பேசினார், சிலர் கைதட்டினார்கள். பள்ளிகளில் இனம் பற்றி எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது என்ற மசோதா மீதான விவாதம் அது. ஒரு பக்கம் ‘அரைகுறை மனிதர்’, இன்னொரு பக்கம் ‘ஒழிப்பதற்காகவே’. இரண்டு தரப்பிலும் யாரும் வகுத்துப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

1868-ல் 14-ஆவது திருத்தம் பின்னத்தை அழித்தது. இனி எல்லோரும் முழு எண். பட்லரும் பிங்க்னியும் கேட்ட ஐந்தில் ஐந்து எண்பது ஆண்டு கழித்துத் தெற்குக்குக் கிடைத்தது. விடுதலை பெற்றவர்கள் ஓட்டும் போட்டவரை அது நியாயமாக இருந்தது, சில ஆண்டுகள். பிறகு 1890-ல் மிசிசிப்பி புதிய மாநிலச் சாசனம் எழுதியது. மக்களில் பாதிக்கும் மேல் கறுப்பினத்தவர் இருந்த மாநிலம். ஓட்டர் பட்டியலில் சேர வேண்டுமானால் அந்தச் சாசனத்தின் ஏதாவது ஒரு பிரிவை வாசித்துக்காட்ட வேண்டும், அல்லது யாராவது வாசிக்கக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும், அல்லது அதற்கு நியாயமான விளக்கம் சொல்ல வேண்டும் என்று அதில் ஒரு விதி. ஒரு பத்தி, ஒரு கேள்வி, உன் வார்த்தையில் விளக்கு. ஐந்தாம் வகுப்பின் வாசிப்புப் பாடம் மாதிரியேதான் இருக்கிறது. விளக்கம் நியாயமானதா என்று முடிவு செய்தவர் வெள்ளைக்காரப் பதிவாளர். 1965 வரை இப்படித்தான். இந்த 75 ஆண்டுகளும் மிசிசிப்பியின் கறுப்பினத்தவர் ஒவ்வொருவரும் முழு ஒன்றாக எண்ணப்பட்டு, அந்த எண்ணிக்கையில் இடங்கள் கணக்கிடப்பட்டு, அந்த இடங்களில் வேறு யாரோ உட்கார்ந்தார்கள்.

இப்படி நடக்கும் என்று 14-ஆவது திருத்தத்தை எழுதியவர்களுக்குச் சந்தேகம் இருந்திருக்கிறது. அதே இரண்டாம் பிரிவில் இன்னொரு பின்னத்தை எழுதி வைத்தார்கள். ஒரு மாநிலம் தன் வயதுவந்த ஆண் குடிமக்களில் எத்தனை பேருக்கு ஓட்டை மறுக்கிறதோ, மொத்த வயதுவந்த ஆண் குடிமக்களில் அது எவ்வளவு விகிதமோ, அதே விகிதத்தில் அந்த மாநிலத்தின் இடங்களைக் கணக்கிடும் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். தொகுதியில் ஓட்டு மறுக்கப்பட்டவர்கள், பகுதியில் எல்லோரும். ஐந்தாம் வகுப்புக் குழந்தை போட்டுவிடக்கூடிய கணக்கு. அந்த விதி இன்னும் சாசனத்தில் இருக்கிறது. அதை வைத்து எந்த மாநிலத்திடமிருந்தும் இதுவரை ஓர் இடம்கூடக் குறைக்கப்படவில்லை.